யூபிலி எக்காளமும் பாவசங்கீர்த்தனமும்

யூபிலி என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை தோரணம், தேர்ப்பவனி, வாணவேடிக்கை, ஆயர் ஆண்டகையின் வருகை, மலர் வெளியீடு ஆகியவை. இவையெல்லாம் இருக்க வேண்டியவைதாம். ஆனால் இந்த மலருக்காக நம் பங்கின் வரலாற்றை எழுத உட்கார்ந்த எங்களை, யூபிலி என்ற சொல்லே சற்று நிறுத்திவிட்டது. லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தோம். ஐம்பதாம் ஆண்டைப் பரிசுத்த ஆண்டாகக் கொண்டாடச் சொல்லும் ஆண்டவர், அதன் எக்காளத்தை எந்த நாளில் ஊதச் சொல்கிறார்? அறுவடை நாளில் அல்ல. அரசன் முடிசூடிய நாளிலும் அல்ல. ஏழாம் மாதம் பத்தாம் நாளில். அதாவது மக்கள் எல்லாரும் உபவாசமிருந்து, தங்கள் பாவங்களுக்காகத் தங்களைத் தாழ்த்திக்கொள்ளும் பரிகார நாளில். அந்த எக்காளம் ஒலித்த பிறகுதான் விற்றுப்போன நிலம் உரியவனுக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் குடும்பத்துக்குத் திரும்புவான்.

ஆகவே கோபுரத்தின் உயரத்தையும் மணியின் எடையையும் கட்டடத்துக்கு ஆன செலவையும் இம்மலரின் மற்றக் கட்டுரைகள் சொல்லட்டும். சேலம், நாமக்கல் சமவெளியில் நம் முன்னோர் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள் என்பதை இந்தச் சில பக்கங்களில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கோவில் அறிவிப்புப் பலகையில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் 'பாவமன்னிப்பு' என்கிறார்கள். வயது முதிர்ந்தவர்கள் வாயில் இன்னமும் 'பாவசங்கீர்த்தனம்'தான். மூன்று பெயரும் ஒரே அருட்சாதனத்தின் மூன்று முகங்கள். சொல்லுவது ஒரு முகம். மன்னிக்கப்படுவது ஒரு முகம். பிரிந்தவர் கூடுவது மற்றொரு முகம். நம்மில் பலர் முதல் முகத்தை மட்டும் பார்த்துப் பயந்தோம். இப்போது இரண்டாவதை மட்டும் பார்த்து நிம்மதியடைகிறோம். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போகிறோம்.

திருச்சபையின் ஆதி நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு முதலிய பெரும் பாவங்களுக்குச் சபையார் அறியவே தபசு செய்ய வேண்டியிருந்தது. நெடுங்காலம் கோவிலுக்கு வெளியே நின்ற பிறகே ஆயர் அவர்களை மீண்டும் உள்ளே சேர்த்துக்கொள்வார். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறை. பிற்காலத்தில் அயர்லாந்து துறவிகளின் வழக்கம் ஐரோப்பாவெங்கும் பரவி, குருவின் காதில் தனியாகச் சொல்லும் முறை நிலைபெற்றது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. 1551-இல் திரிதெந்து சங்கம் இந்த அருட்சாதனத்தின் போதனையைத் தெளிவாக வரையறுத்தது. நாம் இன்று காணும் தட்டி வைத்த பாவசங்கீர்த்தனத் தொட்டி அதே நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோவின் முயற்சியால் பரவியது. இவ்வளவும் ஐரோப்பாவில்.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் அதிகம் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் வேலை செய்தார். ஞானஸ்நானம் கொடுக்கலாம், செபம் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் ஒருவன் தன் பாவத்தை வேறொருவன் வாய்வழியாகச் சொல்வது எப்படி? இரகசியத்தை இருவர் காதில் போட யாருக்குத்தான் மனம் வரும்? இந்த இக்கட்டைத் தீர்த்தவர் அவருக்குப் பின் வந்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். தமிழை முறையாகக் கற்று, தமிழிலேயே போதித்தார். மக்களின் பாவசங்கீர்த்தனத்தைத் தமிழிலேயே கேட்டார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1580-இல், கொச்சியில் அவருடைய மற்றொரு தமிழ்ப் புத்தகம் அச்சாயிற்று என்பதைப் பலர் அறியார்கள். அதன் பெயர் 'கொம்பெசியோனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வோருக்கும் கேட்போருக்கும் உரிய கையேடு அது. நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே எண்ணப்பட்ட அந்நூலின் பிரதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருப்பது 1982-இல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையால் வெளியே தெரிந்தது. தமிழன் அச்சு இயந்திரத்தைக் கண்ட முதல் சில ஆண்டுகளிலேயே, தன் பாவத்தைத் தன் மொழியில் சொல்ல ஒரு நூல் அவன் கைக்கு வந்துவிட்டது. நமக்கு இது பெருமைதான். அச்சிட்ட முதல் நூல்களில் ஒன்று புகழ்மாலையாக இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நூலாக இருந்தது என்பதில் பெருமைக்கு மேலும் ஏதோ இருக்கிறது.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வேதம் வர இன்னும் சில காலம் ஆயிற்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார், காவியுடுத்து, மரக்கறி உண்டு, நம் நாட்டுச் சந்நியாசியாக வாழ்ந்தது எல்லாரும் அறிந்த வரலாறு. அவர் 1623-இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து நம் பகுதிக்கு வந்தபோது சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். அவர் அடிகளாரை மரியாதையுடன் வரவேற்றார். அங்கிருந்து சேலம். சேலத்திலோ தொடக்கத்தில் அவரை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை, நோயிலும் விழுந்தார். பிறகு நிலைமை மாறியது. சேலத்தை ஆண்ட செல்லப்பட்டி நாயக்கரின் தமையனார் திருமங்கல நாயக்கர், ஆட்சியுரிமை இழந்து மோரமங்கலத்தில் வாழ்ந்துவந்தார். அடிகளாரின் போதனையைக் கேட்டு அவர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். சேந்தமங்கலம் சந்தைக்குப் போகும்போதும், மோரமங்கலம் வழியே பஸ்ஸில் போகும்போதும் இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? எங்களில் பலருக்கே இந்த மலருக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது.

அந்நாளைய மதுரை மிசியோனில் குருக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஒருவர் பொறுப்பில் பல நாள் நடைத்தூரம் அகன்ற நிலப்பரப்பு. அரசர்களுக்குள் சண்டை, பஞ்சம், காய்ச்சல். ஆகையால் ஓர் ஊருக்குச் சுவாமியார் வருவது பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை. அவர் வரும் செய்தி கிடைத்ததும் சுற்றுப்புறக் கிறிஸ்தவர்கள் கட்டுச்சோற்றுடன் நடந்து வருவார்கள். உரோமைக்கு அவர்கள் ஆண்டுதோறும் எழுதியனுப்பிய கடிதங்களில், ஞானஸ்நானக் கணக்கோடு பாவசங்கீர்த்தனக் கணக்கையும் சேர்த்தே எழுதினார்கள். இரவு முழுவதும் விளக்கு வைத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்பது அவர்களுக்கு வழக்கமான வேலை.

ஆனால் சுவாமியார் வந்ததும் நேரே போய் முழந்தாளிட்டுவிட முடியாது. இடையில் உபதேசியார் இருக்கிறார். ஆண்டு முழுவதும் ஊரோடு இருப்பவர் அவர்தாம். யார் யாரோடு பேசுவதில்லை, யார் கடனைத் திருப்பவில்லை, யார் திருமணத்தில் வேத ஒழுங்குக்கு மாறான சடங்கு நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சண்டையிட்டவர்கள் முதலில் சமாதானம் ஆக வேண்டும். ஊரறிய செய்த பாவத்துக்கு ஊரறிய ஒரு பரிகாரம் உண்டு. அதற்குப் பிறகே குருவிடம் அனுப்பப்படுவார்கள். இதில் உபதேசியார்களின் கெடுபிடியும் சில இடங்களில் இருந்திருக்கும், மனிதர்கள்தானே. என்றாலும், பாவம் எனக்கும் சர்வேசுரனுக்கும் இடையேயான தனிக்கணக்கு மட்டும் அல்ல என்பதை அந்த ஒழுங்கு ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டியது.

1773-இல் இயேசு சபை தடை செய்யப்பட்டதும் இந்த மந்தை மேய்ப்பரின்றித் தவித்தது. 1776-இல் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றார்கள். பின்னர் இயேசு சபையினர் 1838-இல் திரும்பி வந்தபோது காவிரிக்குத் தெற்கே மதுரை மிசியோனைப் பெற்றனர்; நம் பகுதி பாரிஸ் சபைக் குருக்களின் கையிலேயே இருந்தது. கோவிலூர், காக்காவேரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களைச் சுற்றிக் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் அலைந்தவர்கள் அவர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1930 மே 26-இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று; பாரிஸ் சபையைச் சேர்ந்த ஹென்றி புருனியே ஆண்டகை முதல் ஆயரானார். இன்று மறைமாவட்டம் நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது.

நம் பங்கின் கதைக்கு வருவோம். கூரைக்கோவில் காலத்தில் இங்கே பாவசங்கீர்த்தனத் தொட்டி கிடையாது. சுவாமியார் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்வார். பெண்களுக்கு இடையே ஒரு மூங்கில் தட்டி நிறுத்தப்படும். மாதம் ஒரு முறை வந்தாலே பெரிது. தபசுக் காலத்தில் மட்டும் மூன்று நாள் தங்குவார்; அந்த மூன்று நாளில் பாஸ்குக் கடனை முடித்தாக வேண்டும். பிள்ளைகளாகிய எங்களுக்கு உபதேசியார் ஐந்து காரியங்களைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, பாவங்களைச் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். விரலுக்கொன்றாக எண்ணிச் சொல்லுவோம். சுண்டுவிரலில் வரும் ஐந்தாவதை மறந்தால் தலையில் ஒரு குட்டு.

அந்த ஐந்தாவது விரலைப் பற்றி எங்கள் மூத்தவர்கள் சொல்லிவந்த ஒரு கதை உண்டு. அண்ணன் தம்பி இருவர். ஒரே கிணற்றில் இருவருக்கும் பாதிப் பாதிப் பங்கு. முறை வைத்துக் கவலை இறைப்பார்கள். கோடையில் ஒரு வருடம் கிணறு வற்றி, ஊற்றுத் தண்ணீர் மட்டும் இருந்தது. தம்பியின் முறைக்கு முந்தின இரவுகளில் அண்ணன் மாட்டைக் கட்டி இறைத்துவிட்டார். தம்பியின் மிளகாய்த் தோட்டம் காய்ந்துபோயிற்று. கேட்டதற்கு, ஊற்று குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். தபசுக் காலத்தில் சுவாமியார் வந்தார். அண்ணன் புளியமரத்தடிக்குப் போய் முழந்தாளிட்டார். அங்கே என்ன சொன்னார், சுவாமியார் என்ன கேட்டார் என்பது அவர்களுக்கும் சர்வேசுரனுக்கும் மட்டுமே தெரியும். பாவசங்கீர்த்தன இரகசியத்தை உடைக்கும் அதிகாரம் பாப்பரசருக்கும் இல்லை. ஊர் கண்டது இவ்வளவே. மறுநாள் பூசையில் அண்ணன் நன்மை வாங்கவில்லை. கோவிலின் பின்புறம் தூணருகில் நின்றுகொண்டிருந்தார். அதன் பிறகு மூன்று முறை தண்ணீர் அவருக்கு வந்தபோது, தன் மாட்டையே பூட்டித் தம்பியின் வயலுக்கு இறைத்தார். தம்பி ஒன்றும் பேசாமல் வரப்பில் நின்று மடை திருப்பினாராம். அடுத்த முறை சுவாமியார் வந்தபோது இருவரும் ஒரே வரிசையில் நன்மை வாங்கினார்கள்.

எரிக்கோ ஊரின் சக்கேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாக ஆண்டவரிடம் சொன்னான். திருடிய பொருளைத் திருப்பாமல் மன்னிப்பு மட்டும் கேட்பது பாவசங்கீர்த்தனம் ஆகாது என்பது திருச்சபையின் பழைய போதனை. எங்கள் ஊரில் அது தண்ணீராகத் திரும்பியது. இன்று கவலையும் இல்லை, கிணற்று முறையும் அநேகமாக இல்லை. ஆனால் எடை குறைத்து வாங்கிய மரவள்ளிக் கிழங்கு இருக்கிறது. முன்பணத்தைக் காட்டித் தறிக்காரரைப் பல ஆண்டு கட்டிப்போடுவது இருக்கிறது. லாரிக்குக் கூட்டாகப் பணம் போட்டுக் கணக்குக் காட்டாத பங்காளிகள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஆத்தும சோதனையில் எந்தக் கட்டளையின் கீழ் வைப்பது என்று நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏழாவதுதான்.

ஆனால் அந்தக் கிணற்றுக் கதையை இத்தனை ஆண்டுகளாகப் பெருமையோடு சொல்லிவந்த எங்களுக்கு, இந்த மலருக்காக அதை எழுதும்போது ஒன்று உறுத்தியது. அதே கிணற்றில் காலனி மக்கள் இறங்கித் தண்ணீர் எடுக்க முடியாது. அவர்களும் நம் பங்கு மக்களே. அதே சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்கள். வரிசையில் கடைசியில் நின்றவர்கள். கோவிலுக்குள்ளும் அவர்களுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. யாரும் அதைச் சட்டமாக எழுதி ஒட்டவில்லை; எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தம்பியின் தண்ணீரைத் திருடியது பாவம் என்று அண்ணனின் மனச்சாட்சி சொன்னது. தாகத்தோடு வந்தவரைக் கிணற்றுமேட்டில் நிறுத்தியது பாவம் என்று யார் மனச்சாட்சியும் சொல்லவில்லை. புளியமரத்தடியில் அதை யாராவது சொல்லியிருப்பார்களா? எங்களுக்குச் சந்தேகந்தான்.

இது நம் ஊரில் மட்டும் இருந்த குறை அல்ல. தெற்கே திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலில் சாதியாரைப் பிரித்த தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. தடுப்பை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றத்துக்குப் போனவர்களும் தவறாமல் பாஸ்குக் கடன் செய்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் மனம் கூசுகிறது.

தனித்தனியாக நல்லவர்களாக இருக்கும் மக்கள் கூட்டாகச் செய்யும் பாவத்துக்கு எங்கே முழந்தாளிடுவது? இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1973 டிசம்பர் 2-இல் வெளியான புதிய ஒப்புரவுச் சடங்கு முறை இதற்கு ஒரு வாசலைத் திறந்தது. பாவம் கடவுளை மட்டுமன்றிச் சபையையும் காயப்படுத்துகிறது, ஆகவே ஒப்புரவும் இரு பக்கமும் நிகழ வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. மக்கள் கூடி இறைவார்த்தை கேட்டு, ஒன்றாக ஆத்தும சோதனை செய்து, பிறகு தனித்தனியே குருவிடம் செல்லும் வழிபாட்டு முறையையும் தந்தது. தபசுக் காலத்தில் நம் கோவிலில் நடப்பது இதுவே. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-இல், மாபெரும் யூபிலியின்போது, பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், திருச்சபையின் பிள்ளைகள் நூற்றாண்டுகளாகச் செய்த பாவங்களுக்காக இராயப்பர் பேராலயத்தில் உலகறியக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார். யூபிலியும் பரிகார நாளும் ஒன்றே என்பதை அவர் மறக்கவில்லை. 2003 நவம்பர் 17-இல் சென்னை மயிலை, மதுரை, புதுவை கடலூர் மறைமாநிலங்களின் ஆயர்கள் உரோமையில் அவரைச் சந்தித்தபோது, சாதிப் பிரிவினையைக் கட்டிக்காக்கும் வழக்கங்கள் கிறிஸ்தவச் சாட்சியத்துக்கு எதிரானவை என்று தெளிவாகச் சொன்னார். நம் சேலம் மறைமாவட்டம் புதுவை கடலூர் மறைமாநிலத்தைச் சேர்ந்தது. அந்த வார்த்தை நமக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது.

புதிய கோவில் எழுந்தபோது பக்கங்கள் கலைந்தன. இன்று யார் எங்கே அமர்கிறார்கள் என்று பார்ப்பாரில்லை. பாடகர் குழுவிலும் பங்குப் பேரவையிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு கம்பிவேலி இன்னமும் நிற்கிறது. ஆடு மாடு வராமலிருக்கப் போட்டது என்று சொல்லிக்கொள்கிறோம். ஆடு மாடு நடுவிலிருந்து வருவதில்லை.

இந்தப் பத்தி மலரில் வர வேண்டுமா என்று மலர்க் குழுவில் இரண்டு கூட்டங்கள் பேசினோம். விழா மலரில் ஏன் இதெல்லாம், வெளியூர் விருந்தினர் படிப்பார்களே என்றார்கள் சிலர். அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. காலனித் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர் மட்டும் கடைசி வரை ஒன்றும் பேசாமல் இருந்தார். கூட்டம் முடிந்து எழுந்தபோது, "எங்க அம்மாவ அந்தப் பக்கந்தான் வச்சிருக்கோம், சாமி" என்றார். அதற்குப் பிறகு யாரும் பத்தியை நீக்கச் சொல்லவில்லை. வேலியைப் பற்றிப் பேரவை வரும் தபசுக் காலத்துக்குள் முடிவெடுக்கும்.

பழைய மூங்கில் தட்டியைத் தேடினோம். சக்ரீஸ்து அறைப் பரணில் பாதி கறையான் அரித்த நிலையில் கிடைத்தது. யூபிலிக் கண்காட்சியில் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தொடாமல் பார்க்கவும்.

யூபிலிப் பெருவிழாவுக்கு முந்தின மூன்று நாள்களும் மாலை ஐந்து மணி முதல் ஒப்புரவு வழிபாடு நடைபெறும். பக்கத்துப் பங்குகளிலிருந்து நான்கு குருக்கள் வருகிறார்கள். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வீட்டுக்கே வருவார்கள். உபதேசியாரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடவும்.